மூன்றாம் பாத்தியின் மண்புழுக்கள்

முனிலட்சுமி அக்கா திம்மப்பன் அண்ணனோடு பேசி நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது. அண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை. தப்பு செய்தது நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஓசூர் பக்கம், பேரிகைக்கு வெளியே அக்காவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். குளிக்கிற தண்ணீர் வாழைக் குழிக்குப் போகும். சரிவில் விழுகிற மழை, குறுக்கே வெட்டிய கால்வாயில் நின்று மண்ணுக்குள் இறங்கும். மண் எந்த மாதத்திலும் வெயில் பார்க்காது. இலையோ வைக்கோலோ மேலே கிடக்கும். மருந்து கிடையாது. இந்த முறைக்குப் பெர்மாகல்ச்சர் என்று பெயர். அதற்கான ஒரு பயிற்சியில் அக்காவைப் பார்த்தேன். அடுத்த மாதமே இங்கே வேலைக்கு வந்துவிட்டேன். அப்பாவுக்கு அதில் வருத்தம். மணப்பாறையிலிருந்து வந்து ஓசூர் சிப்காட்டில் இருபது வருடமாக லேத் ஓட்டுகிறவர். "புழு எண்ணவா மூணு வருஷம் விலங்கியல் படிச்சே, பொற்கொடி?" என்பார். எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது.

அக்காவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. வெளியிலிருந்து எது வந்தாலும் வாசல் படலருகே நிறுத்தி, "எங்கிருந்து வருது? என்ன அடிச்சது?" என்று கேட்பார். பதில் சொன்ன பிறகுதான் இறக்க வேண்டும்.

"சானமாவு காட்டுல இருந்து யானை வந்தாலும் நிறுத்திக் கேப்பா இவ," என்று திம்மப்பன் அண்ணன் சிரிப்பார். பக்கத்து நிலம் அவருடையது. நான்கு மாடுகள். ஆறு வருடமாக அந்தச் சாணம்தான் எங்கள் மண்ணுக்கு. ஒவ்வொரு வண்டிக்கும் அவரும் பதில் சொல்லிவிட்டுத்தான் இறக்குவார்.

2007 சித்திரையில் அக்கா தன் மகளின் பிரசவத்துக்காக மாலூர் போனார். ஐந்து நாள் நான் மட்டும். வைக்கோல் தீர்ந்துவிட்டது. கீரை பிடுங்கிய மூன்றாம் பாத்தி மூட ஒன்றுமில்லாமல் வெடித்துக் கிடந்தது. அப்போது பிளாஸ்டிக் கூரைக்குள் ரோஜா வளர்க்கிற பண்ணையிலிருந்து ஒரு டிராக்டர் வந்து நின்றது.

"பாலிஹவுஸ் ரோஜா வெட்டினதும்மா. இலை, குச்சி. குழியில கொட்டத்தான் போறேன். வேணும்னா இங்கயே தள்ளிட்டுப் போறேன்," என்றார் டிரைவர்.

கேட்க வேண்டியது எனக்குத் தெரியும். ஆனால் அவர் இன்ஜினை நிறுத்தவில்லை. அவசரத்தில் இருக்கிற, முன்பின் தெரியாத ஆளை நிறுத்திக் கேள்வி கேட்கக் கூச்சமாக இருந்தது. தலையாட்டினேன். அவர் தள்ளியதை அன்றே மூன்றாம் பாத்தியில் பரப்பினேன்.

இரண்டாம் நாள் பாத்தியிலிருந்து மருந்து நெடி வந்தது. மூன்றாம் நாள் காலையில் மண்புழுக்கள் மேலே கிடந்தன. குச்சியால் தொட்டேன். சுருளவில்லை. ரோஜாவுக்கு வாரத்துக்கு இரண்டு தடவை மருந்தடிப்பார்கள் என்பது இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

எல்லாவற்றையும் சாக்கில் அள்ளி பாலிஹவுஸ் குழியிலேயே கொண்டுபோய்ப் போட்டேன். விரல் கனத்துக்கு மேல்மண்ணையும் வழித்தேன். முப்பத்துநான்கு நடை. ஊர் திரும்பிய அக்கா முதலில் ரோஜா முள் கீறிய என் கைகளைத்தான் பார்த்தார்.

"என்னடி இது?"

"வேலி முள்ளுக்கா."

அதுதான் முதல் பொய். சின்னதுதான் என்று நினைத்தேன். சாயங்காலம் அக்கா மூன்றாம் பாத்தி மண்ணில் கையை விட்டுப் பார்த்தார். ஓரடி தோண்டினார். இன்னும் ஓரடி.

"புழு எங்கடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கணக்குப் போட்டுவிட்டார். கடைசி வண்டிச் சாணம் அந்தப் பாத்திக்குத்தான் போயிருந்தது. வேலியோரம் போய் நின்று கூப்பிட்டார்.

"அண்ணா, மாட்டுக்கு உண்ணி மருந்து அடிச்சியா?"

"இல்லையேம்மா."

"அடிச்சிட்டு இல்லேங்காத. என் பாத்தியில ஒரு புழு உசுரோட இல்ல."

"நான் ஏம்மா பொய் சொல்றேன்? ஆறு வருசத்துல என்னைக்காச்சும் சொல்லியிருக்கேனா?"

"இன்னைக்கு ஆரம்பிச்சிருக்கே."

அவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். நான் வாழைக்குப் பின்னால் நின்றிருந்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் என்னைப் போகச் சொல்லிவிடுவார் என்று பயம். எனக்குப் போக வேறு இடமில்லாமல் இல்லை. வேறு இடம் வேண்டாம்.

பாத்தியில் தழை உரத்துக்குச் சணப்பு மட்டும் விதைத்தோம், மடக்கி உழ. அதில் சாப்பிடுகிற எதையும் அக்கா விதைக்க விடவில்லை. ஆழத்தில் போட்டிருந்த பழைய மக்கு உரம் அப்படியே இருந்தது. நான் தினமும் விடிந்ததும் ஒரு சதுர அடி தோண்டிப் பார்த்தேன். நோட்டில் பூஜ்யம், பூஜ்யம் என்று பக்கம் நிரம்பியது. வைகாசி பிறந்ததும் மழை வந்தது. நான்கு நாள் மாலையில் இடித்து இடித்துப் பெய்தது. கால்வாய் நிறைந்து, மறுநாள் மதியத்துக்குள் வடிந்துவிட்டது. சணப்பு முழங்கால் உயரம் வந்தது. தவளைகள் எங்கிருந்தோ வந்து சேர்ந்தன. முப்பத்தோராம் நாள் ஒரு புழு. நூல் மாதிரி இருந்தது. கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பத்தாறாம் நாள் காலை பதினொரு புழுக்கள். என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா!" என்று கத்தினேன். நான் கத்தி அவர் கேட்டதே இல்லை. பாம்பு என்று நினைத்து மண்வெட்டியோடு ஓடி வந்தார். பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் குந்தினார். ஒரு புழுவை உள்ளங்கையில் எடுத்து ஊதினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாடி டிகிரி! அந்தாளு சாணி நின்னுச்சு, புழு வந்துடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

இத்தனை நாள் நான் காத்திருந்த புழுக்கள் அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்திருந்தன.

அந்த நேரத்தில்தான் படலருகே திம்மப்பன் அண்ணன் நின்றார். கையில் மூடிய தூக்குப்பாத்திரம். அவர் வீட்டில் மாடு கன்று போட்டால் முதலில் எங்களுக்குத்தான் சீம்பால் வரும். படலைத் திறக்காமல் அங்கிருந்தே பேசினார்.

"செவலை ராத்திரி கன்னு போட்டுச்சு. கெடேரி. பால் கொண்டாந்தேன்." பிறகு, "எங்கூட்டு மாட்டுலதான் கறந்தது. எதுவும் அடிக்கல," என்றார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "வேணாம். எங்களுக்கு வயித்துக்கு ஆவாது."

"ஆறு வருசமா ஆச்சு."

"இப்ப ஆவாது."

அண்ணன் பாத்திரத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "சரிம்மா. இன்னொண்ணும் சொல்லிட்டுப் போயிடறேன். சாணிக் குப்பைமேடு மூணு வண்டிக்கு நெறஞ்சு கெடக்குது. பாலிஹவுஸ்காரன் கேட்டுட்டுப் போனான், வருசத்துக்கும் எனக்கே குடுன்னு. நாளைக்கு வண்டி அனுப்பறானாம். நீ கேப்பியோன்னு இத்தன நாள் நிறுத்தி வெச்சிருந்தேன்."

அக்காவின் கை மண்ணிலேயே நின்றுவிட்டது. ஆடியில் ராகியும் அவரையும் விதைக்க வேண்டும். அதற்குச் சாணம் வேண்டும். அதைவிட, அந்த ஆள் இத்தனை நாள் காத்திருந்தது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஆனால் கையில் புழு இருந்தது.

"குடுத்துக்கோ," என்றார்.

அண்ணன் திரும்பினார். இரண்டடி நடந்தார். நான் எழுந்தேன்.

"அண்ணா, போகாதீங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கூச்சத்தில் காது சுட்டது. தலையைக் குனியவில்லை.

"புழு செத்தது அண்ணன் சாணத்தால இல்லக்கா. நீங்க மாலூர் போயிருந்தப்ப நான் பாலிஹவுஸ் ரோஜாக் குப்பையை வாங்கி இந்தப் பாத்தியில கொட்டினேன்."