இறங்காத புத்தகம்

பார்வையற்றவர்களுக்கான அந்த ஒலி நூலகத்தில் இணையதளத்தைக் கவனித்துக்கொண்டவளை எல்லோரும் சின்ன மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். தலைவி பெரிய மேடம் என்பதால் வந்த பேர். வேலையில் கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம். அவள் பேச ஆரம்பித்தால் ஒலிப்பதிவாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு ஆசைப்பட்டே அவள் சில சமயம் பேசக்கூடாததையும் பேசிவிடுவாள்.

நூலகத்தில் ஆட்கள் வந்து புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வார்கள். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாக அவள் தளத்தில் ஏற்றுவாள். வாசகர் இணைப்பை அழுத்தினால் போதும், பிரவுசர் அங்கேயே அதை ஒலிக்கவிட்டுவிடும். இதைவிட வசதி வேறென்ன வேண்டும் என்பது அவள் எண்ணம்.

ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த வாசகருக்கு அது ஒத்துவரவில்லை. அழுத்தியதும் ஒலிக்க வேண்டாம், கோப்பு கம்ப்யூட்டரில் இறங்கினால் போதும், போனில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் கேட்பேன் என்றார். வழியில் பாதித் தூரம் சிக்னல் கிடையாதாம். கதை பாதியில் நின்றுபோகிறதாம். உதவிப் பக்கத்தில் எல்லாம் படிப்படியாகப் போட்டிருக்கிறது, அதன்படி செய்யுங்கள் என்று அவள் சொன்னாள். அந்தப் பக்கத்தை அவளே பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

அவர் விடவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது மறுபடி அவர் போன். இணைப்பை அழுத்துங்கள் என்றாள், அழுத்தினார். திரையின் வலப்பக்க ஓரத்தில், இறக்குவதற்கான மூன்று புள்ளி தெரிகிறதா என்று கேட்டாள். பார்வையில்லாதவரிடம் கேட்கிறோம் என்பது கேட்ட பிறகும் அவளுக்கு உறைக்கவில்லை. அவர் பொறுமையாக, “ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசுறாங்க மேடம், எனக்கு ஒண்ணும் புரியல” என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒலிப்பதிவாளர் உள்ளே வந்தார். அவள் போனைத் துண்டித்ததாக நினைத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஆபரேட்டரின் குரலிலேயே இழுத்துப் பேசிக்காட்டினாள். “ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசுறாங்களாம். வீட்டுல ரெண்டு பெண்டாட்டியோ என்னவோ, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?” ஒலிப்பதிவாளர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஆபரேட்டர் கூப்பிடவில்லை. தொல்லை விட்டது என்று அவள் இருந்தாள். ஆனால் பெரிய மேடம் தற்செயலாக அவரிடம் பேசியபோது அவர் புத்தகம் கேட்பதையே நிறுத்திவிட்டார் என்று தெரியவந்தது. ஏன் என்று கேட்டதற்கு, தளம் தனக்குச் சரிப்படவில்லை என்று மட்டும் சொன்னாராம். நேரில் போய் என்னவென்று பார்த்துவிட்டு வா என்று பெரிய மேடம் சின்ன மேடத்தை அனுப்பினார். அவள் முணுமுணுத்துக்கொண்டேதான் போனாள்.

அடுக்குமாடியில் ஒரு சின்ன வீடு. ஆபரேட்டரின் மனைவி கதவைத் திறந்தாள். அவளுக்குப் பார்வை உண்டு. பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி ஓரமாக உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஆபரேட்டர் எழுந்து நின்று வரவேற்று, கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போடச் சொன்னார்.

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் இயந்திரக் குரல் கடகடவென்று ஓட, அவர் விரல்கள் அதன் பின்னாலேயே ஓடின. அவர் இணைப்பை அழுத்தினார். அறையே அதிர ஒரு கனத்த குரல் நாவலை வாசிக்க ஆரம்பித்தது. இயந்திரக் குரலும் நிற்கவில்லை. பொத்தான், நேரம், ஒலி அளவு என்று அது ஒரு பக்கம் ஒப்பிக்க, இது ஒரு பக்கம் கதை சொல்ல, எது எதைச் சொல்கிறது என்று கண் தெரிந்த அவளுக்கே பிடிபடவில்லை. அவர் விசைகளைத் தட்டித் தட்டி, ஒருவழியாக நிறுத்தினார்.

“இதத்தான் சொன்னேன் மேடம்” என்றார்.

பிறகு உதவிப் பக்கத்தைத் திறந்தார். இயந்திரக் குரல் நிதானமாகப் படித்தது: “கீழே உள்ள படத்தைப் பாருங்கள். படம். சிவப்பு அம்புக்குறி காட்டும் இடத்தை அழுத்துங்கள். படம். படம்.”

அம்புக்குறிகளை அவள்தான் வரைந்திருந்தாள். அழகாக வரவேண்டும் என்று ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை அழித்து வரைந்திருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. யாராவது திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. ஆபரேட்டரோ, குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

நாளைக்கே சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மனைவி படிக்கட்டு வரைக்கும் வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“இந்த வீட்டுல பெண்டாட்டி நான் ஒருத்திதாங்க.”

சின்ன மேடத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் படியில் வைத்த காலை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

“அவருக்கு ரெண்டு கையும் கீபோர்டுல இருந்துச்சு. போன ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. நீங்க உங்க போன வைக்கவே இல்ல. எம் பொண்ணும் பக்கத்துலதான் இருந்தா. அவ அப்பா மாதிரியே பேசினீங்க பாருங்க, அதக் கேட்டு அவதான் அழுதா. அவரு ஒண்ணும் சொல்லல. போன மட்டும் வச்சுட்டாரு.”

சின்ன மேடம் மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தாள். மனைவி அதற்காகக் காத்திருக்கவில்லை, உள்ளே போய்விட்டாள். இத்தனையும் கேட்ட மனிதர் எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னாரே என்று நினைக்க நினைக்க அவள் உடம்பு கூசியது.

மறுநாள் காலையில் வேலையை முடித்தாள். வேலை என்று சொல்லக்கூட ஒன்றுமில்லை. இந்தக் கோப்புகளை ஒலிக்கவிடாதே, இறக்கிக்கொடு என்று பிரவுசருக்குச் சொல்லும்படி சர்வரில் ஒரே ஒரு வரி. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. உதவிப் பக்கத்தையும் தூக்கிவிட்டாள். இனி அது தேவையே இல்லை.

அந்த வாரமே நன்றி சொல்லி வாசகர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். இத்தனை பேர் இதே கஷ்டத்தை வாய்திறக்காமல் பட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. நூலகக் கூட்டத்தில் பெரிய மேடம் எல்லோர் முன்னிலையிலும் அவளைப் பாராட்டினார். ஒலிப்பதிவாளர் பலமாகக் கைதட்டினார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. “அந்த ஆபரேட்டர் இதக் கேட்டு ரொம்ப நாளாச்சு மேடம். நான்தான் காதுல போட்டுக்கல” என்றாள். அடக்கத்தால் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கைதட்டினார்கள். மீதியைச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பப் பையை மாட்டிக்கொண்டவள், நின்று ஆபரேட்டர் வீட்டுக்குப் போன் செய்தாள். மகள் எடுத்தாள். அப்பா இன்னும் வரவில்லை என்றாள். பிறகு, “நீங்க அந்த மேடமா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. அன்னிக்கு நான் பேசினது ரொம்ப அசிங்கம். ஒங்கப்பாவ அப்படிப் பேச எனக்கு ஒரு யோக்கியதையும் இல்ல. என்ன மன்னிச்சிரும்மா.”

“அம்மாகிட்டயும் சொல்லுங்க” என்று மகள் போனைக் கொடுத்துவிட்டாள். சின்ன மேடம் அம்மாவிடமும் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த அம்மாள் முழுக்கக் கேட்டாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

“ராத்திரி அவர்கிட்டயும் நீங்களே பேசுங்க” என்றாள். பிறகு, “இப்ப மறுபடி பஸ்ஸுல கதை கேக்குறாரு. அந்த நாவல்ல நடுவுல ஒரு அத்தியாயம் வெறும் இரைச்சலா இருக்குதாம். ஒங்கள மறுபடி கேக்க அவருக்குச் சங்கடம். பாத்து வையுங்க” என்றாள்.

சின்ன மேடம் பையை மறுபடி மேசையில் வைத்தாள். எந்த அத்தியாயம் என்று கேட்க விட்டுப்போயிருந்தது. ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, நாவலை முதல் அத்தியாயத்திலிருந்து கேட்கத் தொடங்கினாள்.