பொட்டு வைத்த கார்டு

ஆயுத பூஜையில் பொட்டு வைப்பதற்கு ஹரிபாபு ஒரு கொள்கை வைத்திருந்தான்: எது வேலை செய்கிறதோ அதற்குத்தான் பொட்டு. கம்ப்யூட்டரின் தகர மூடி என்ன வேலை செய்கிறது? சும்மா மூடிக்கொண்டிருக்கிறது. ஆகவே புத்தூரில் அக்கா யமுனா நடத்தும் எம்பிராய்டரி கடையில், அவன் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே இருந்த பலகைகளுக்கெல்லாம் ஈரச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தான். மற்ற பலகைகள் பொறுத்துக்கொண்டன. நெட்வொர்க் கார்டு மட்டும் மறுநாள் காலை கண் திறக்கவில்லை.

காய்ந்த சந்தனத்தை பிளேடால் சுரண்டினான். சிப்பின் மேல் அச்சடித்திருந்த எண்ணின் கடைசி எழுத்தும் அதோடு போனது. அந்த எழுத்துதான் கார்டு எந்த வெர்ஷன் என்று சொல்வது. ஒரு காரியத்தை அரைகுறையாகக் கெடுக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

அந்தக் கார்டு வழியாகத்தான் டிசைன் கம்ப்யூட்டரிலிருந்து தையல் மெஷினுக்குப் போகும். மெஷினில், கல்யாணப் பெண் ரூபா தைக்கக் கொடுத்த ஜாக்கெட் மாட்டியிருந்தது. வலது கையில் மயில் முழுசாக இருந்தது. இடது கையில் கழுத்து வரைதான். மறுநாள் விடிந்ததும் ஜாக்கெட் போயாக வேண்டும். புதுக் கார்டு வாங்கிப் போடவும் வழியில்லை. கம்ப்யூட்டரில் இருந்த பழைய விண்டோஸுக்குப் பழைய முகங்களை மட்டும்தான் தெரியும்.

"அக்கா, கோவமா?" என்றான்.

"பஸ்ஸு போய்க்கினு கீது பாரு," என்றாள் யமுனா.

செத்த கார்டையும் அக்காவின் டப்பாவிலிருந்து ஒரு ஊசியையும் எடுத்துக்கொண்டு திருப்பதி பஸ்ஸில் ஏறினான். எழுத்து போனால் என்ன, சிப்புக்குக் கால்கள் இருக்கின்றன. வெர்ஷனுக்கு வெர்ஷன் கால்களின் எண்ணிக்கை மாறும் என்று போனில் தேடிப் படித்திருந்தான். ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். மூன்று வேகத்தடைகளில் மூன்று முறை கணக்கு விட்டுப்போனது. நான்காவது முறை, பஸ் ரேணிகுண்டாவில் நின்றபோது, முடித்தான். நீளப் பக்கத்தில் முப்பத்தெட்டு. அப்படியென்றால் சி வெர்ஷன். டி என்றால் முப்பதுதான் இருக்கும்.

திருப்பதியில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் முனிரத்தினம், கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாபா இது, செவப்பா?"

"பொட்டுண்ணா."

"இத்தினி காலு கீதே, கொலுசும் போட்டு உட்டிருக்கலாம்ல?"

"அடுத்த பூஜைக்கு. இதே கார்டு, சி வெர்ஷன் வேணும்ணா."

முனிரத்தினம் கோணியிலிருந்து ஒரு பிடி கார்டுகளை அள்ளிப் போட்டார். "எல்லாம் ஒண்ணுதான். எத்தையாவது எட்த்துக்கினு போ."

பச்சை நிறம், கேபிள் சொருகும் ஓட்டை, பின்னால் தகரப் பட்டை எல்லாம் ஒன்றுதான். ஹரிபாபு தரையில் சம்மணமிட்டு ஊசியை எடுத்தான். முப்பது. முப்பது. மறுபடி முப்பது. முதல் கோணி முழுவதும் டி.

"டி போட்டா ஓடுமாண்ணா?"

"சூத்தாம்," என்றார் முனிரத்தினம். ஓடும் என்றும் கொள்ளலாம், ஓடாது என்றும் கொள்ளலாம். தெலுங்கில் 'பார்க்கலாம்' என்பதற்கு அப்படி ஒரு வசதி.

போன் அடித்தது.

"கெடச்சிதாடா?"

"தேடிக்கினே கீறேன்க்கா. கோவமா?"

"ரூபா ரெண்டு தபா வந்துட்டு போய்ட்டா." வைத்துவிட்டாள்.

இரண்டாவது கோணியைத் தானே இழுத்துக் கவிழ்த்தான்.

"துன்னுட்டு வந்து தேடுபா," என்றார் முனிரத்தினம். அவன் தலை நிமிரவில்லை. அடியில், பழைய மவுஸ் ஒன்றின் வால் சுற்றிக் கிடந்த ஒரு கார்டில் விரல் நின்றது. முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. திரும்ப எண்ணினான். முப்பத்தெட்டேதான். சிப்பின் மேல் சி என்ற எழுத்தும் தெளிவாக இருந்தது. முதலிலேயே எழுத்தைப் பார்த்திருந்தால் இரண்டு கோணியையும் அரை மணியில் முடித்திருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. அதை முனிரத்தினத்திடம் சொல்லவில்லை.

அதன் தகரப் பட்டை மட்டும் நெளிந்திருந்தது. செத்த கார்டின் பட்டையைக் கழற்றி இதற்கு மாட்டிக்கொண்டான். குங்குமம் பட்ட பட்டை, இருக்கட்டும்.

புத்தூரில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. யமுனா ஸ்டூலில் உட்கார்ந்து அவன் கைகளையே பார்த்தாள். கார்டைச் சொருகி, கேபிளை மாட்டி, கம்ப்யூட்டரை எழுப்பினான். கார்டின் சின்ன விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. ஹரிபாபு கேபிளை இன்னும் கொஞ்சம் அழுத்தினான். பிறகு அது பச்சையாக நின்றது. டிசைனை அனுப்பினான். மெஷின் கடகடவென்று தலையை ஆட்டி, விட்ட இடத்தில் ஊசியை இறக்கியது. மயிலின் கழுத்துக்குக் கீழே நீலம் இறங்கத் தொடங்கியது.

இருவரும் ஒரு தோகைக் கண் முடியும் வரை பார்த்தார்கள்.

"அக்கா, இதான் கடைசி தபா கேக்கறேன். கோவமா?"

யமுனா நூல்கண்டை மாற்றி வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"கோவம்தான். நாலு நாளு இருக்கும். ஆனா அடுத்த வருசமும் நீதான் பொட்டு வெக்கணும். மூடி மேல."