செவ்வாய்க்கிழமை பார்த்த நீலத் திட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, கேட்டு வாங்கினேன்.

கணுக்கால் அறுவைக்குப் பிறகு நான் வீட்டோடு கிடந்த நாட்களில், கட்டு மாற்ற ஒரு செவிலியர் வாரம் இருமுறை வருவார். வந்ததும் காலைப் பார்க்க மாட்டார். "மாத்திரையெல்லாம் எடுங்க" என்பார். ஒவ்வோர் அட்டையாகத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பார். மூன்றாம் முறை எனக்குப் பொறுக்கவில்லை.

"புண்ணு கால்லதானே சிஸ்டர் இருக்கு?"

"ஒரு வீட்டுல பாக்காம விட்டுட்டேன் சார். அதுலேருந்து இப்படித்தான்."

எழுதுகிறவனுக்கு இப்படியொரு வாக்கியம் கிடைத்தால் காது தானாக நீண்டுவிடும். எழுதட்டுமா என்றேன். "எழுதுங்க. ஆனா எனக்குப் படிச்சுக் காட்டணும்" என்றார். அந்த நிபந்தனை என்னை என்ன பாடுபடுத்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

2

முதல் தொடக்கம்:

"வெள்ளிக்கிழமை காலை செவிலியர் கட்டைப் பிரித்தபோது, துணி முழுக்க இரத்தம் ஊறி"

இத்தோடு நிறுத்திவிட்டேன். இரத்தத்தில் தொடங்கினால் நீங்கள் உடனே குற்றவாளியைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த வீட்டில் அப்பாவைத் தவிர இருந்தது ஒரே ஒருத்தி, அவர் மகள்.

இரண்டாம் தொடக்கத்தில் நானே அவளைக் குற்றவாளியாக்கினேன்:

"கைபேசியில் கண்ணும் அடுப்பில் கையுமாக இருந்த மகளுக்கு, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று"

படித்துக் காட்டியபோது செவிலியரின் முகம் சுண்டிப்போயிற்று.

"யாரு சார் இது? அந்த அக்கா இப்படி இல்லவே இல்ல. சாப்பாட்டுக்கு முன்னாடிக்கு ஒரு டப்பா, பின்னாடிக்கு ஒரு டப்பா. குடுத்ததும் டிக் போட்டு வைப்பாங்க. பதினோரு நாள்ல ஒரு வேளை தவறல." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "தவறியிருந்தா நல்லாருந்திருக்கும்."

அதுவரை எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

3

அப்பா ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். எழுபத்திரண்டு வயது. முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டு வீடு திரும்பியிருந்தார். வீடு மூன்றாம் மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. (இதை நான் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை. நிஜத்துக்கு இந்த மாதிரிக் குசும்பு உண்டு.) செவிலியர் மூச்சிரைக்க ஏறி வரும்போதெல்லாம் அவர் சொல்வாராம்: "நாப்பது வருஷத்துல எத்தனையோ பேரை மேல அனுப்பியிருக்கேம்மா. ஒருத்தர் விடாம பத்திரமா இறக்கியும் விட்டிருக்கேன்."

அவருக்கு இதயத் துடிப்பில் கோளாறு. இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க, ஐந்து வருடமாக ஒரு மாத்திரை சாப்பிட்டுவந்தார். மூட்டு அறுவை செய்த மருத்துவமனையில் அதே மருந்தை வேறொரு கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டின் கடைசியில் ஒரு வரி: "முந்தைய மருந்துகளைத் தொடரவும்."

மகள் பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் குளிர்பெட்டிக் கதவில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். இதில் இருந்ததையும் கொடுத்தாள், அதில் இருந்ததையும் கொடுத்தாள்.*

* இதைக் கடைசிவரை மறைத்து வைத்திருக்கலாம். ஆனால் செவிலியருக்குத் தெரிவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் அடுத்த பகுதியில் அவரைக் கூப்பிட்டு நிறுத்த உங்களுக்குத் தோன்றும்.

4

செவ்வாய்க்கிழமை. அன்று செவிலியருக்கு ஏழு வீடுகள், இது ஐந்தாவது. முழங்காலில் சீழ் இல்லை, வீக்கம் இல்லை. திருப்தியாகக் கட்டைப் போட்டு முடித்தார். பெரியவர் சட்டைக் கையை மடித்தபோது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக ஒரு திட்டு.

"என்னய்யா இது?"

"கட்டில் கம்பியில இடிச்சுக்கிட்டேம்மா."

அவர் பொய் சொல்லவில்லை. இடித்துக்கொண்டது நிஜம். 'ஒரு இடிக்கு இவ்வளவு பெருசாவா?' என்று செவிலியரின் மனதில் ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது. அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து போன். "பாத்து நடங்கய்யா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். குறிப்பேட்டில் எழுதியது: புண் சுத்தமாக இருக்கிறது.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. செவிலியர் காலையிலிருந்து சாப்பிடவில்லை, தலைவலி வேறு, என்றெல்லாம் அவருக்காக வாதாடியிருந்தேன். கேட்டதும் அடிக்கச் சொல்லிவிட்டார். "களைப்பெல்லாம் போடாதீங்க. களைப்பு தினமும்தான் இருக்கு. கேக்கணும்னு தோணுச்சு, கேக்கல. அவ்வளவுதான் சார்.")

5

வெள்ளிக்கிழமை கதவைத் திறந்ததுமே மகள் சொன்னாள்: "சிஸ்டர், பல்லு தேய்க்கும்போது ரத்தம் வருது. பிரஷ் பழசுன்னு நினைச்சு மாத்திட்டேன். அப்பவும் வருது."

கட்டு நனைந்திருந்தது. தொடையில் புதிதாக இரண்டு திட்டுகள். செவிலியர் கையுறையைக் கழற்றினார்.

"அக்கா, அப்பாவுக்குக் குடுக்குற எல்லா மாத்திரையும் கொண்டு வாங்க. ஒண்ணு விடாம."

டப்பாக்கள் வந்தன. இரண்டு அட்டைகளை எடுத்துத் திருப்பினார். முன்பக்கப் பெயர்களுக்குள் ஒரு சம்பந்தமும் இல்லை. பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், இரண்டிலும் ஒரே பெயர்.

"இது ரெண்டையுமா குடுக்குறீங்க?"

"ஆமா. இது பழைய டாக்டர் எழுதுனது, இது ஆஸ்பத்திரியில. ரெண்டு சீட்டும் இருக்கு, பாருங்க." பெருமையாகத்தான் சொன்னாள்.

"ரெண்டும் ஒரே மருந்து அக்கா."

மகள் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கலர் வேறயா இருக்கே..." என்றாள்.

செவிலியர் மருத்துவரைக் கூப்பிட்டார். இன்றைய மாத்திரையைக் கொடுக்காதே, உடனே கூட்டி வா என்றார் அவர். கீழ்வீட்டு ஆட்கள் இரண்டு பேர் பெரியவரைச் சாப்பாட்டு மேசை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். "சத்தமே இல்லாத லிஃப்ட்டுப்பா" என்று சிரித்தார். ஈறெல்லாம் சிவப்பாக இருந்தது.

மாத்திரையின் வேகத்தை முறிக்க மாற்று மருந்து ஏற்றினார்கள். நான்கு நாளில் வீடு திரும்பினார். இடையில் ஒருமுறை வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் மருத்துவர்.

6

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மருத்துவமனை நடையில் மகளின் போன் அடித்தது. வேறு ஊரில் இருக்கும் தம்பி. அவன் போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற செவிலியருக்கும் கேட்டது.

"வாயில போடுறது மருந்தா விஷமான்னுகூடவா பாக்க மாட்ட நீ?"

"ஆமாடா. என் தப்புதான்" என்றாள் அவள்.

என் முதல் வரைவில் செவிலியர் போனைப் பிடுங்கி, "செவ்வாய்க்கிழமையே நான் பாத்தேன், கேக்காம விட்டது நான்" என்று வெடித்தார். படித்துக் காட்டினேன்.

"நல்லாருக்கு சார். ஆனா நான் சும்மாதான் நின்னேன்."

அலுவலகத்தில் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். "நோட்டுல இல்லாததை நீயா எதுக்கு இழுத்துப் போட்டுக்குற?" என்றார் மேற்பார்வையாளர். இருந்தாலும் ஒரு விதி பிறந்தது: எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மாத்திரைகளை மேசையில் பரப்ப வேண்டும்.

மகளிடம் மட்டும் சொல்லவில்லை. அவளோ ஒவ்வொரு முறையும் டப்பாவை நீட்டினாள். "நீங்க ஒரு தடவை பாத்துடுங்க சிஸ்டர். என் கண்ணை நானே நம்புறதில்ல."

7

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: செவிலியர் சொல்லவே இல்லை. மகளுக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கை குலையவில்லை, அப்பா பத்திரம். பத்திரமா? வாரத்தில் இரண்டு முறை அரை மணி நேரம் வந்துபோகிறவர் செவிலியர். மற்ற நேரமெல்லாம் அந்த வீட்டில் விழித்திருக்கும் கண் மகளுடையது. அந்தக் கண்ணை அவளே சந்தேகப்பட்டால், அடுத்த நீலத் திட்டை யார்

இரண்டு: சொல்கிறார். "இனிமே வராதீங்க" என்று மகள் கதவைச் சாத்துகிறாள்.

மூன்று: சொல்கிறார். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.)

மூன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மூணுலயும் நீங்கதான் சார் பேசுறீங்க."

8

நடந்தது இது. புண் ஆறிவிட்டது. அன்று கடைசி வருகை. பெரியவரிடம் விடைபெற்று, ஒரு மாடி இறங்கிவிட்டார். இப்படியே போய்விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்புதான் அவரைத் திரும்ப ஏறவைத்தது. மகள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தச் செவ்வாய்க்கிழமை ஐயா கையில நீலமா இருந்ததை நான் பாத்தேன். கேக்கணும்னு தோணுச்சு. கேக்காம போயிட்டேன். உங்க தம்பி திட்டும்போதும் பக்கத்துலதான் நின்னேன், வாயைத் திறக்கல."

மகள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒன்று சொன்னாள்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். செவிலியர் சொன்னார். சொல்லிவிட்டு, "அதை மட்டும் எழுதாதீங்க சார். என் தப்பை எடுத்து நான் உங்களுக்குத் தரலாம். அவங்க பேச்சைத் தர நான் யாரு?" என்றார்.

ஏற்கெனவே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது, கீழே விட்டிருக்கிறேன். மகள் நீங்கள். பதினோரு நாள் கண்ணும் கருத்துமாக அப்பாவின் கையில் ஆபத்தைக் கொடுத்தவர் நீங்கள். சமையலறை வாசலில் ஒருவர் நிற்கிறார், மறுபடி படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

அவர் சொல்லி முடித்துவிட்டார். இனி நீங்கள்தான் பேச வேண்டும்.

"                                        "