இடது முட்டிக்கு நாலு பருவம்

1

இந்தக் கதை மாடிப்படியில் பிறந்தது. நான் கீழ் வீட்டில் இருக்கிறேன், அக்கா மேல் வீட்டில் தன் மகளோடு. நடுவே பதினாறு படி. அக்கா டவுன் பஸ் ஓட்டுகிறவள், பத்தொன்பது வருஷமாக. டூட்டி முடிந்து அவள் ஏறுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு டிராஃபிக் எப்படி என்று சொல்லிவிடுவேன். போன கோடையில் ஒரு நாள் அந்தச் சத்தம் மாறியது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நடக்கப் பழகும் குழந்தை மாதிரி ஏறினாள்.

கதவைத் திறந்து “என்னாச்சுக்கா?” என்று கேட்டேன். ஆனால் கேட்பதற்கு முன்னாலேயே ‘இதில் ஒரு கதை இருக்கிறது’ என்று தோன்றிவிட்டது. எழுதுகிறவனுக்கு வெட்கம் கிடையாது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் அவளுடைய இடது கால் அவளைக் கைவிட்டது. பின்னால் நாற்பது பள்ளிக் குழந்தைகள்…” [எங்கள் ஊரில் மலையே இல்லை.]

“வலி என்பது உடல் நமக்கு எழுதும்…” [இதை எழுதிய கையில் நானே ஒன்று போட்டுக்கொண்டேன்.]

இரண்டையும் அக்கா படித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எந்தக் குழந்தைங்கடா? என் ரூட்ல பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போறவங்க.”

“கதைன்னா ஒரு ஆபத்து வேணும்க்கா.”

“அப்படி ஒண்ணும் நடக்கல. நடக்காம இருக்கத்தானே வருஷம் பூரா துண்டைச் சுருட்டி வச்சு முட்டியால அமுக்கிட்டிருக்கேன்? அதை எழுது.”

ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகப் பாடுபட்டவளின் கதை. எந்தப் பத்திரிகை போடும் என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

3

டவுன் பஸ்ஸில் இடது கால் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது கிளட்ச்சை மிதிக்கும். முட்டி தேயாமல் என்ன செய்யும்? அக்காவின் டிப்போவில் வருஷத்துக்கு ஒரு முறை உடற்தகுதிப் பரிசோதனை உண்டு. தேறாதவர்களை டிக்கெட் கவுன்ட்டருக்கு மாற்றிவிடுவார்கள்.

“கண்ணாடிக்குள்ள உக்காந்து வெளியே போறவங்களைப் பாத்துக்கிட்டிருக்க நான் என்ன தொட்டி மீனா?” என்றாள் அக்கா. மறுநாளே பிசியோதெரபிஸ்ட்டிடம் போனாள்.

அந்த அம்மாவுக்கு அங்கே வருகிறவர்கள் வைத்த பெயர் ‘இன்னொண்ணு’. பத்து எண்ணி முடித்து அப்பாடா என்று காலை இறக்கப் போகும்போது, “இன்னொண்ணு” என்பார். பதினொன்று முடிந்தாலும் அதேதான்.

(ஓரக் குறிப்பு: பிசியோதெரபிக்கு இயன்முறை மருத்துவம் என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. அதை ‘இயன்ற வரை மருத்துவம்’ என்று அக்கா படித்தாள். திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.)

கோடைப் பாடம் இதுதான். வெயில் ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டின துண்டை வைத்து, தொடையை இறுக்கி அமுக்க வேண்டும். பிறகு காலை மடக்காமல் ஒரு முழம் தூக்கி நிறுத்த வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். இரண்டு மாதத்தில் அக்காவின் முட்டி சொன்ன பேச்சைக் கேட்டது.

4

மழைக்காலத்துக்கு என் பிரதியில் ஒரே வரிதான் இருந்தது: “ஒரு நாள் மழையில் பஸ் ரிப்பேராகி, அக்கா தாமதமாக வீடு வந்தாள்.”

அதைப் படித்துவிட்டு அக்கா தாளை மடித்துக் கீழே வைத்தாள்.

“பஸ் ரிப்பேர் ஆகலடா.”

“நீதானேக்கா அன்னிக்குச் சொன்னே?”

“சொன்னேன். பொய் சொன்னேன்.”

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வலி போனதும் பயிற்சியை விட்டுவிட்டாள். ஒரு நாள் தூக்கம், ஒரு நாள் மகளுக்குப் பரீட்சை, அப்புறம் சும்மாவே. மழை தொடங்கி மூன்றாவது வாரம், மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. மிதித்து விட்டு, மிதித்து விட்டு நகர்ந்துகொண்டிருந்தவளுக்கு, ஒரு மிதியில் முட்டி பூட்டிக்கொண்டது. கால் கீழே போகவே இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பின்னால் ஹாரன் சத்தம். நல்லவேளை, வண்டி பின்வாங்கவில்லை.

“கண்டக்டர் வந்து என்னன்னு கேட்டார். வண்டி போகாதுன்னேன். அத்தனை பேரையும் மழையில இறக்கி அடுத்த பஸ்ல ஏத்தினார். நான் சீட்லயே உக்காந்திருந்தேன். இறங்கினா நொண்டறது தெரிஞ்சிடுமே. மெக்கானிக் வந்து ஒரே திருகல்ல ஸ்டார்ட் பண்ணார். என் முகத்தைப் பார்த்தார். ஒண்ணும் கேக்கல. அவரே ஓட்டிட்டுப் போனார்.”

“என்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

“உன்கிட்ட சொன்னா கதை எழுதிடுவே.”

[இந்த இடத்தில் ‘அவள் எதற்கும் அஞ்சாதவள்’ என்று ஒரு வரி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அன்று அவள் அஞ்சினாள். அஞ்சியதைவிட, வாயில்லாத வண்டிமேல் பழியைப் போட்டதுதான் அவளை உறுத்தியது.]

மறுநாள் டிப்போ மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னாள். வண்டியில் கோளாறு இல்லை, என் முட்டியில்தான் என்று. அவர் மூன்று வாரம் விடுப்பு கொடுத்தார். சேர்ந்துபோன லீவை எடுத்திருக்கேன் என்று என்னிடம் அவள் சொன்னது இதைத்தான். அங்கிருந்து நேரே பிசியோவிடம். திட்டு விழும் என்று தலையைக் குனிந்து நின்றாளாம்.

“எத்தனை நாள் விட்டீங்க?”

“இருபத்திரெண்டு.”

“பரவாயில்ல, முட்டிக்குப் பழிவாங்கத் தெரியாது. விட்ட இடத்துல இருந்து வேணாம், முதல்ல இருந்து வருவோம். வெயில், மழை, குளிருக்குத் தகுந்த மாதிரி பயிற்சியை மாத்தித் தர்றது என் வேலை. விடாம செய்யறது உங்க வேலை.”

5

குளிர்காலத்தை எழுதுவது எனக்குப் பிடித்திருந்தது. கதையில் நானும் நுழைகிறேன் என்பதால் இருக்கலாம்.

குளிரில் முட்டி விறைத்துக்கொள்ளும். எழுந்ததும் கால் மணி நேரம் வெந்நீர்ப் பை, பிறகு கூடத்திலேயே நடை, அதன்பின்தான் பயிற்சி. தனியாக விட்டால் ஏமாற்றிவிடுவேன் என்று சொல்லி, எண்ணுவதற்கு அக்காவே என்னை மேலே கூப்பிட்டாள். ரப்பர் பட்டையின் ஒரு முனை அக்காவின் கணுக்காலில், மறுமுனை மகளின் கையில். நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு எண்ணுவேன்.

“மாமா, ஏழுக்கு அப்புறம் ஒன்பது வருது உங்களுக்கு.”

“அம்மாவுக்கு ஒண்ணு தள்ளுபடி.”

“தள்ளுபடி வேணாம், எட்டைச் சொல்லு” என்பாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒரு நாள் துணைக்குப் போன இடத்தில், இன்னொண்ணு அம்மா என்னைத் திரும்பச் சொன்னார். நான் மொத்த உடம்போடு திரும்பினேன். “கழுத்து எங்கே போச்சு?” என்றார். மறுநாளிலிருந்து எனக்கும் ஒரு பாய். எண்ணுகிற வேலை மகளுக்குப் போனது, அவளும் ஒரு பாயைப் போட்டுக்கொண்டாள். அவளிடம் தள்ளுபடி எல்லாம் நடக்காது.

மூன்று பேரும் பாயில் கிடந்து கூரையைப் பார்த்துக் காலைத் தூக்கிய அந்த விடியல்களில் ஒன்றும் நடக்கவில்லை. வாசகர்களே, அந்த ஒன்றும் நடக்காத குளிர்காலத்தைப் போல ஒரு சந்தோஷமான காலம் எனக்கு வாய்த்ததில்லை.

6

குளிர் விட்டு, காற்று வீசத் தொடங்கியபோது பரிசோதனை வந்தது. ஐந்து முறை குந்தி எழ வேண்டும். ஒற்றைக் காலில் அரை நிமிஷம் நிற்க வேண்டும். நிற்கிற வண்டியில் முப்பது தடவை கிளட்ச் மிதிக்க வேண்டும். மத்தியானம் போன் வந்தது. ஒரே இரைச்சல்.

“பாஸ்!”

“பஸ்ஸா? எந்த பஸ்?”

“பாஸ்டா, பாஸ்! முப்பதுக்கு அப்புறம் வாய் தவறி நானே இன்னொண்ணுன்னுட்டேன். டாக்டர் சிரிச்சிட்டார்.”

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் டிப்போவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் தினமும் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஓர் அறை ஒதுக்கப்போகிறார்கள். பிசியோ வாரம் ஒரு நாள் வருவார், மற்ற நாட்களில் நடத்த ஓர் ஆள் வேண்டும். அக்கா ஒத்துக்கொண்டால் பாதி நாள் அந்த அறை, பாதி நாள் பஸ். ஆனால் அவளுடைய பழைய ரூட் போய்விடும், சின்ன ரூட்தான் கிடைக்கும். இல்லாவிட்டால் எப்போதும்போல முழு நாள் பஸ். கடிதத்தின் அடியில் இரண்டு கட்டங்கள்.

“மேம்பாலத்தை விட்டுட்டு எப்படிடா?” என்றாள் ஒரு நாள். “கண்டக்டர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே டிக்கெட் கிழிக்கிறார்” என்றாள் இன்னொரு நாள்.

7

நேற்று அவள் ஒரு கட்டத்தில் குறி போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எதில் என்று எனக்குத் தெரியும். எழுதப் பேனாவை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதை நீ எழுதாதே. படிக்கிறவங்க முடிவு பண்ணட்டும். அவங்களுக்கும் முட்டி இருக்குல்ல?”

“அவங்க தப்பா முடிவு பண்ணிட்டா?”

“ரெண்டுல எதுடா தப்பு?” என்றாள் அக்கா. சற்று யோசித்துவிட்டு, “ஒண்ணு மட்டும் சொல்லிடு. எந்தப் பக்கம் முடிச்சாலும், அதுல நான் பாவமா இருக்கக் கூடாது.”

சொல்லிவிட்டேன். இனி உங்கள் பாடு.