பெங்களூருக்குப் போன நெத்திலி

அந்தோணியம்மாள் பிறந்ததிலிருந்து ரயில் ஏறியதில்லை. ஆனாலும் பெங்களூர்ப் பயணத்தைப் பற்றி அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கேள்விதான்: கருவாட்டை எங்கே வைப்பது?

மகன் மிக்கேலுக்குத்தான் ஆயிரம் கேள்வி. பகலில் அச்சாபீசில் புத்தகங்களைப் பண்டல் கட்டுவான். மாலையில் சாந்தோம் மீனவர் குப்பத்திலிருந்து நடந்து, மயிலாப்பூரில் ஒரு மளிகைக் கடை மாடியில் நடந்த இங்கிலீஷ் வகுப்புக்குப் போவான். எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பான். பார்த்த பிறகும் சந்தேகப்படுவான். ரயில்வே கைடு ஒன்றை இரவல் வாங்கி வந்து, எந்த வண்டி, எந்தப் பெட்டி, எங்கே தண்ணீர் கிடைக்கும் என்றெல்லாம் அம்மாவுக்குப் பாடம் நடத்தினான்.

"கன்டோன்மென்ட்ல எறங்கணும். சிட்டில எறங்கிடாதே."

"ரெண்டும் பெங்களூருதானேடா?"

"மச்சான் கன்டோன்மென்ட்ல நிப்பாரு. நீ சிட்டில எறங்கினா, நீ ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம்."

"நான் எங்கனா நின்னுக்கிறேன். கருவாடு எங்க நிக்கும்? அத்த சொல்லு."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மூத்தவள் தேசம்மா பெங்களூரில் முழுகாமல் இருந்தாள். சோறு, கஞ்சி, ரொட்டி, எது உள்ளே போனாலும் அப்படியே வெளியே வந்துவிட்டது. ஆள் பாதியாகிவிட்டாள் என்று மாப்பிள்ளை சொல்லியனுப்பியிருந்தார். அவள் வாய் கேட்டது அம்மா கையால் காயவைத்த நெத்திலியை மட்டும்தான். அந்த ஊர்க் கடைக் கருவாட்டை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் தங்கவில்லை.

கருவாட்டோடு ரயில் ஏறுவது லேசான காரியமில்லை. போன வருஷம் பக்கத்துக் குடிசை கெங்கம்மா ஒரு மூட்டை கொண்டுபோனாள். அரக்கோணம் வருவதற்குள் பெட்டியில் இருந்தவர்கள் அதை ஜன்னல் வழியாக வீசிவிட்டார்கள். "என்னையும் சேத்து வீசியிருப்பானுங்க. நான்தான் ஜன்னல்ல நொழையல" என்று கெங்கம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

பண்டல் கட்டத் தெரிந்தவன் மிக்கேல். நெத்திலியை வாழைச் சருகில் பொதிந்தான். அதன்மேல் எண்ணெய்க் காகிதம், அதன்மேல் கெட்டித் துணி, எல்லாம் ஒரு பிஸ்கோத்துத் தகர டின்னுக்குள். மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினான். பிறகு குப்பத்து மூக்குகளையெல்லாம் கூப்பிட்டான்.

கெங்கம்மா முகர்ந்தாள். "ஒரு வாசனையும் இல்லியே."

மாமன் அங்கமுத்து டின்னை மூக்கோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடினார். "இன்னா கீது இதுல, பிஸ்கோத்தா? எனக்கு ரெண்டு குடு."

மிக்கேலுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் வகுப்புக்குப் போகும் வழியில் லஸ் முனை வரைக்கும் தாங்கியது. அங்கே சந்தேகம் வந்தது. முகர்ந்தவர்கள் யார்? கூரை ஓலையிலிருந்து கட்டியிருக்கும் துணி வரைக்கும் மீன் மணக்கும் இடத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் மூக்கை நம்பலாமா? அந்தச் சந்தேகம் இன்னொன்றையும் இழுத்து வந்தது. வகுப்பில் தன் பெஞ்சில் மட்டும் எப்போதும் இடம் காலியாக இருக்கிறதே, ஏன்? தன் அழகான கையெழுத்துக்குக் கொடுக்கும் மரியாதை என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தான்!

வெளி மூக்கு ஒன்று வேண்டும். மறுநாள் டின்னை வகுப்புக்கே தூக்கிப் போய்ப் பெஞ்சுக்கடியில் வைத்தான்.

வாத்தியார் பலகையில் ஒரு வரி எழுதினார். திரும்பினார். "யாரோ எதையோ மிதிச்சுண்டு வந்திருக்கேள். எல்லாரும் செருப்பைப் பாருங்கோ."

எல்லோரும் பார்த்தார்கள். மிக்கேலும் ஒழுங்காகக் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தான். வாத்தியார் ஜன்னல்களைத் திறந்தார். பிறகு படி இறங்கிப் போய், "உன் அரிசி மூட்டைக்குள்ள எலி செத்துக் கிடக்கு" என்று மளிகைக்காரரிடம் சொன்னார். கடை நிறைய ஆட்கள் இருக்கும் நேரம். மளிகைக்காரர் பதிலுக்குப் பேசியது மாடி வரைக்கும் கேட்டது. அத்தோடு வகுப்பு முடிந்தது. பையன்களுக்குக் கொண்டாட்டம்.

மெஹபூப் பாஷா மட்டும் போகவில்லை. அவன் அப்பாவுக்குத் திருவல்லிக்கேணியில் அத்தர் கடை. அவனுக்குத் தெரியாத வாசனை கிடையாது. மிக்கேலின் காதருகே குனிந்தான். "நெத்திலியா, வாளையா?"

மிக்கேலுக்கு உயிரே போயிற்று. "நெத்திலி. ரொம்ப அடிக்குதா?"

"அடிக்கல மச்சி. அறையுது."

"உண்மையச் சொல்லு. என் பக்கத்துல ஏன் யாரும் உக்கார்றதில்ல?"

மெஹபூப் பாஷா கூரையைப் பார்த்தான். "உன் கையெழுத்து அவ்ளோ அழகு. பக்கத்துல உக்காந்தா எங்களுக்கு வெக்கமா இருக்கும்."

"சரி" என்றான் மிக்கேல். புரிந்துவிட்டது.

அந்தப் பாவத்தைத் தீர்க்கவோ என்னவோ, மெஹபூப் பாஷா மறுநாள் அடிமண்டி அத்தர் ஒரு குப்பி கொண்டுவந்தான். இரண்டு பேரும் சேர்ந்து டின் முழுக்கத் தடவினார்கள். மிக்கேல் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததுதான் தாமதம், அந்தோணியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"யம்மாடி! இன்னாடா இந்த நாத்தம்! எதுனா செத்துப் போச்சா?"

கெங்கம்மா ஓடிவந்தாள். வலை பின்னிக்கொண்டிருந்த அங்கமுத்து தூரத்திலிருந்தே திட்டினார். டின்னைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, புளி போட்டுத் தேய்த்து, கடைசியில் கடல் மண் போட்டுத் தேய்த்த பிறகுதான் குப்பம் மூச்சு விட்டது.

இனி மறைத்துவைப்பது ஒன்றுதான் வழி. பயணத்தன்று டிராமில் மிக்கேல் அம்மாவுக்கு மறுபடி மறுபடி சொன்னான். மூலையில் உட்கார வேண்டும். டின்னைக் காலுக்குப் பின்னால் தள்ளி, கூடையை முன்னால் வைக்க வேண்டும். யார் கேட்டாலும் பிஸ்கோத்து என்று சொல்ல வேண்டும். அந்தோணியம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். டிராமில் அவர்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

சென்ட்ரலில் பெண்கள் பெட்டி நிரம்பி வழிந்தது. நகர்ந்து இடம் கொடுக்க யாருக்கும் மனசில்லை. மிக்கேல் ஜன்னலுக்கு வெளியே நின்று மூலையைக் கண்ணால் காட்டினான். அந்தோணியம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நட்டநடுவில் நின்று டின்னை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள்.

"யம்மா, இதுல கருவாடு கீது. சொல்லிட்டேன். புடிக்காதவங்க வேற பொட்டி பாத்துக்கோங்க. அப்பால என்னாண்ட சண்டைக்கு வரக் கூடாது."

மிக்கேல் கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறந்தபோது பாதிப் பெட்டி காலியாகிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவைக்காரி ஒருத்தி, "சிவ சிவா!" என்று படியில் இறங்கிக் கணவனைத் தேடி ஓடினாள். மீதிப் பெண்கள் இறங்கவில்லை. டின்னை நோக்கி நெருங்கி வந்தார்கள்.

"நெத்திலியா? காரப்பொடி மீனா?"

"வெயில்ல காய வெச்சதா?"

பிள்ளைகளோடு ஆம்பூருக்குப் போகும் ஜைதூன் பீ என்பவள் முந்திக்கொண்டாள். "எனக்கு ரெண்டு படி போடு அக்கா. துட்டு தரேன்."

அம்மாவின் வலது கை தானாக மூடிக்குப் போவதை மிக்கேல் பார்த்தான். எத்தனையோ வருஷமாகத் தெருத் தெருவாகக் கூவி விற்ற கை.

"எம்மா! விக்காதே!"

"நீ சும்மா கெட." அவள் கை மூடிமேலேயே நின்றது. ஜைதூன் பீ விலையை ஏற்றினாள். இன்னொருத்தி அதற்கு மேல் ஏற்றினாள். அந்தோணியம்மாள் எச்சில் விழுங்கினாள். "இது எம் பொண்ணு வாயிக்குக் கொண்டுபோறது. விக்க மாட்டேன். ஆனா அடுத்த மாசம் அவளப் பாக்க மறுபடி வருவேன். யாருக்கு எவ்ளோ வோணும்? இப்பவே சொல்லிடுங்க."

அந்த நேரம் பார்த்துப் பட்டுப்புடவைக்காரியின் கணவர், டிக்கெட் பரிசோதகர் ஒருவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்தார். பரிசோதகர் மூக்கைச் சுளித்தார். சாமானைக் கடைசியில் இருக்கும் பிரேக் வண்டியில் போட வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னார். பிரேக் வண்டிக்குப் போனால் அது கன்டோன்மென்ட்டில் இறங்குமா, எங்கே இறங்கும்? கைடில் அதற்குப் பதில் இல்லை.

உள்ளே பெண்கள் ஒரே குரலாய்க் கேட்டார்கள். "சாமானா? இன்னா சாமான் சாமி?"

பரிசோதகர் படியில் கால் வைத்தார். மிக்கேல் குறுக்கே போய் நின்றான். இங்கிலீஷ் வாக்கியத்தை மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான், சரியா தப்பா என்று தெரியவில்லை, சொல்லிவிட்டான். கன்டோன்மென்ட்டில் பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும், ஐயா? இடது பக்கம் என்றார் அவர். வண்டி போகும் திசைக்கு இடதா, நமக்கு இடதா? அவர் நின்று விளக்கினார். ஜோலார்பேட்டையில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கும்? தாமதமாக வந்தாலும் அவ்வளவு நேரம் நிற்குமா? குடிதண்ணீர் முன்பக்கமா, பின்பக்கமா? அவனிடம் இன்னும் நிறையக் கேள்விகள் இருந்தன. பரிசோதகர் கடிகாரத்தைப் பார்த்தபோது விசில் ஒலித்தது. பச்சைக் கொடி ஆடியது.

வண்டி நகர்ந்தது. மிக்கேல் கூடவே ஓடினான். அம்மா கையாட்டவில்லை, விரல்களை மடக்கி யாருக்கு எத்தனை படி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று ஞாபகம் வந்தவளாய் ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

"டேய் மிக்கேலு! கெங்கம்மாவாண்ட சொல்லு. வலையில நெத்திலி பட்டா ஒண்ணு வுடாம வாங்கிக் காய வெக்கச் சொல்லு!"

"டின்னு எங்கம்மா?" என்று கத்தினான்.

அதற்குள் அந்த ஜன்னல் தாண்டிப் போய்விட்டது. அடுத்த ஜன்னலில் டின் தெரிந்தது. ஜைதூன் பீயின் கடைக்குட்டி அதன்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டிருந்தது.