தாலிக்குண்டும் உப்புச் சேறும்

1
அன்று ஏரிக்கரையில் இருந்தவர்கள் நால்வர்: சுண்ணாம்புக்குளம் ராஜவேலு, அவர் மருமகள் ஜமுனா, ஜமுனாவின் அம்மா லோகநாயகி, உலோகம் தேடும் கருவியோடு வந்த, ராஜவேலுவின் தங்கை மகன் சுபாஷ். கூடவே நின்று பார்த்ததாக ஊரில் கதை பரப்புகிற எவரும் அங்கே இல்லை. அவர்கள் பேச்சுதான் என்னை இதை எழுத வைத்தது.

(ராஜவேலு நான்தான். 'நான்' என்று எழுதினால், சொந்த வீட்டுக்குப் பரிந்து பேசுகிறான் என்பார்கள்.)

2
முதலில் எழுதிய தொடக்கம்: 'ஏரியின் மேல் பொன்னிறச் சூரியன்...' வேண்டாம். பவுன் பற்றிய கதையில் சூரியனுக்கும் பொன் பூசினால் சந்தேகம் வரும்.

நடந்தது இது. படகிலிருந்து இறங்கும்போது ஜமுனாவின் மஞ்சள் கயிறு அறுந்தது. தாலியைப் பிடித்துக்கொண்டாள், குண்டு ஒன்று சேற்றில் விழுந்துவிட்டது. கையிலிருந்த கழியை அந்த இடத்திலேயே நட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள். (எங்கள் வீட்டு மருமகள் அல்லவா.) மாலைக்குள் ஊரில் பேச்சு: மாப்பிள்ளை வீட்டார் போட்டது கவரிங்காம், தொலைந்ததே அவர்களுக்கு நல்லதாம்.

3
கருவி சேற்றைத் தொட்டதும் கத்தியது, குண்டு கிடைத்தது என்று முதல் பிரதியை முடித்திருந்தேன். சுபாஷ் படித்துவிட்டுச் சிரித்தான். ஆகவே, மறுநாள் நடந்தது உள்ளபடி:

"இன்னா சுபாஷு, எங்க வெச்சாலும் கத்துது?" என்றார் ராஜவேலு.

"உப்பு ஈரம் மாமா. வெறும் சேத்துக்கே கத்தும். மிஷினை அடக்கி வெச்சா, குண்டு மேல வெச்சாலும் கம்முனு இருந்துடும்."

"ஊர் பூரா பவுனா கெடக்குது சம்பந்தி!" என்றார் லோகநாயகி. "எங்களுக்குத் தெரியாம போச்சே."

"சும்மா இரும்மா," என்றாள் ஜமுனா.

ராஜவேலு நிமிர்ந்தே நின்றார். [கண் கலங்கியதாக இங்கே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். கலங்கவில்லை.]

4
கழியைச் சுற்றியிருந்த சேற்றைக் கூடைகளில் வாரி, மணல்மேட்டில் தார்ப்பாய் விரித்துப் பரப்பினார்கள். வெயிலில் அது பொருக்குத் தட்டி, உப்பு வெள்ளையாகப் பூக்கும்வரை காத்திருந்தார்கள். ஈரத்தில் ஓயாமல் கத்திய கருவி, காய்ந்த மண்மேல் வாயே திறக்கவில்லை. பிறகு, ஓர் ஓரத்தில் மட்டும், மெல்ல ஒரு சத்தம்.

5
குண்டை எடுத்தது யார்?

(அ) ஜமுனா.
(ஆ) அவளை முந்திக்கொண்டு சம்பந்தியம்மாள், உரசிப் பார்க்கும் எண்ணத்தோடு.
(இ) ராஜவேலு, அன்று முதல் முறையாகக் குனிந்து.

பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும், அன்று எங்கள் வீட்டில் இறால் குழம்பு. சம்பந்தியம்மாள் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்றில் மட்டும் உங்களுக்குத் தேர்வு கிடையாது. அந்தக் கருவி பித்தளைக்கும் கத்தும், பவுனுக்கும் கத்தும். அதனால் அதைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. நானே சொல்கிறேன்.

கவரிங் இல்லை. பவுன்.