கடலைக்காட்டில் வெறுங்காலோடு ஒரு ஜெனரல்

ஒரு நாட்டைப் பத்து வருடம் துப்பாக்கி முனையில் ஆண்ட ஜெனரலை, திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஒரு கடலைக்காட்டில் நாலரை மணி நேரம் வெறுங்காலோடு நிற்க வைத்து, நின்ற இடத்திலிருந்தே நாலாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த சிறைக்கதவைத் திறந்தவன் நான். கையில் சாவி கிடையாது. ஒரு கடப்பாரையும் ஒரு எலுமிச்சம்பழமும்தான் இருந்தன.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சீயராக இருந்தவரை இதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஆறு மணிக்குத் திறந்தேன். இன்னும் மூடவில்லை. ஊரே நம்பிவிட்டது. நம்பாத ஒரே ஆள் மாதையன். இதில் விசேஷம் என்னவென்றால், நான் திறந்த கதவு வழியாக வெளியே வந்தவனே அவன்தான்.

ஒவ்வொரு தடவையும் ஜெனரல் பூட்ஸைக் கழற்றும் இடம் வந்ததும் மாதையன் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவான். "அவருக்குப் பொறந்தநாளுன்னு எங்களை உட்டாங்க. அவ்வளவுதானுங்க கதை. நீங்க போர் போடற மாதிரி ராடு மேல ராடு மாட்டி எறக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். முழுக் கதையை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வேலூர் ரோட்டு டீக்கடையில் நானும் அவனும் கூரைக்கடியில் மாட்டிக்கொண்டோம். அவனிடம் குடை இல்லை. எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. ஆரம்பித்தேன்.

எண்பத்தொன்றில் மாதையனும் இன்னும் மூன்று பேரும், இங்கிருந்து போன ஒரு போர்வெல் ரிக் வண்டியோடு கரோம்பா என்ற நாட்டுக்குப் போனார்கள். எட்டு மாதம் ஒழுங்காக ஓட்டை போட்டார்கள். ஒன்பதாவது மாதம் அந்த நாட்டு ஜெனரலே நேரில் வந்து, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பால் ஓர் இடத்தைத் தொட்டு, "இங்கே தண்ணீர் இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். நானூறு அடி போயும் புழுதிதான் வந்தது. ஜெனரல் சொல்லித் தண்ணீர் வராமல் இருக்குமா? இருக்காது. ஆகவே தோண்டியவர்கள் சதிகாரர்கள். நாலு பேரையும் உள்ளே தள்ளிவிட்டார்கள்.

அப்போது ஆட்டையாம்பட்டியில் இருந்த மாதையன் மனைவி அத்தாயி என்னிடம் வந்தாள். டில்லியில் வெளிநாட்டு விவகாரங்களைக் கவனித்த அமைச்சர் நம் பக்கத்துக்காரர் என்பதால் அவருக்கு மனு எழுதினோம். ஒன்றல்ல, பதினொன்று. பதினொன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது. நான் படித்துக் காட்டினேன்: "நட்பு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடுவது நம் கொள்கையன்று."

அத்தாயி யோசித்தாள். "என்ற ஊட்டுக்காரரு எப்பிடிங்க அவிய உள்விவகாரம் ஆனாரு? அவரு ஆட்டையாம்பட்டிக்காரருங்களே."

இந்தக் கேள்விக்கு டில்லியில் இருந்த எந்த அதிகாரியாலும் பதில் சொல்ல முடிந்திருக்காது. அமைச்சரால் நிச்சயம் முடியாது. அவர் வீடு வீடாகக் கும்பிட்டு ஓட்டு வாங்கி ஜெயித்தவர். ஆனால் ஓட்டே வாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்தவர்களைக் கண்டால் அப்படியே உருகிவிடுவார். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அவரோடு கைகுலுக்கும் ஜெனரல்கள். நெரிசல் தாங்காமல் காந்தி படம் சமையலறைக்குப் போய்விட்டது. "எதிர்க்கட்சி இல்லாத ஊரில் வேலை எத்தனை சுருக்கா நடக்குது தெரியுமா ஓவர்சீயர்" என்று என்னிடமே பெருமூச்சு விட்டிருக்கிறார்.

"இதெல்லாம் எனக்குத் தெரியுமுங்க" என்றான் மாதையன், மழையைப் பார்த்தபடி.

"தெரியாதது இனிமேல்தான் வருது. டீயைக் குடி."

எண்பத்திரண்டு மாசியில் அந்த ஜெனரலையே அமைச்சர் நம் ஊருக்கு அழைத்து வந்தார். ரிக் வண்டிகளைக் காட்டி, அவர் கையாலேயே பாயிண்ட், அதாவது தண்ணீர் இருக்கும் இடம், காட்ட வைத்து, ஒரு நட்புறவுக் கிணறு போட ஏற்பாடு. படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர்கள் எட்டுப் பேர். இடம் பார்க்கும் பொறுப்பு யாருக்கு வந்தது என்கிறீர்கள்? ஒன்றிய ஓவர்சீயருக்கு.

சும்மா இருப்பேனா. சென்னியப்பன் காட்டைக் காட்டினேன். சென்னியப்பன் ரிக் முதலாளி. ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர், சொந்தக் காட்டில் ஏழு போர் போட்டு ஏழும் பொய்த்தவர். அந்தக் காட்டுக்கு மேலே பறக்கும்போது காக்காயே தண்ணீர்ச் சொம்போடுதான் பறக்கும். ஏழு குழியையும் மூடி, மேலே கடலைச் செடியை நட்டு விட்டேன்.

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். "ஏனுங்க ஓவர்சீயரே, இங்க தண்ணி வராதுங்களே."

"வரக் கூடாதுங்க" என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். போர் போடும்போது பாயிண்ட் காட்டியவர் தண்ணீர் முகம் பார்க்கிற வரை வெறுங்காலோடு குழி ஓரத்தில் நிற்க வேண்டும். போர் பொய்த்துப் போனாலும் ரிக்காரர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டோம். இலை போடுவோம். ஆனால் அவர்கள் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். பாயிண்ட் காட்டியவர் முன்னால் வந்து, தவறு யாருடையது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "என்ற கணக்குத் தப்பிருச்சு, சாப்பிடுங்க" என்பார். அதற்கப்புறம்தான் பிசைவார்கள். ஓட்டை போட்டவன்மேல் பழி கிடையாது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

ஜெனரலை எட்டுப் பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் அதைச் சொல்ல வைக்க வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான். அத்தாயியைப் பத்தடி பக்கத்தில் போலீஸ் விடாது என்பதால், ரிக்காரர்களுக்குச் சமையல் செய்கிறவளாக உள்ளே சேர்த்தேன்.

ஜெனரல் வந்தார். ஆள் மூன்று வாசற்கதவு உயரம். நெஞ்சில் இருந்த பதக்கங்களை உருக்கினால் சங்ககிரி மலைக்கே வேலி போடலாம். பிரம்பைச் சுழற்றிக் கடலைச் செடிகளுக்கு நடுவே ஓர் இடத்தைத் தொட்டார். அமைச்சர் கைதட்டினார். நான் எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்து, கடப்பாரையால் முதல் குத்துப் போட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வழக்கத்தைச் சொன்னேன். வெறுங்கால் விஷயத்தை ராஜமரியாதை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. சந்தோஷமாகக் காலை நீட்டினார். ஒரு பூட்ஸை இழுக்க இரண்டு சிப்பாய்கள்.

இந்த இடத்தில் மாதையன் வழக்கம்போல் துண்டை உதறினான். வெளியே ஓர் எட்டு வைத்தான். மழை அவனை அப்படியே திருப்பி அனுப்பியது. டீக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"உக்காரு மாதையா. இப்பத்தான் கம்பிரசர் ஓடப் போகுது."

ஓடியது. முதல் நூறு அடியில் வெள்ளைப் புழுதி. இருநூறில் சாம்பல் புழுதி. ராடு மாட்ட கம்பிரசரை நிறுத்தும்போதெல்லாம் அமைச்சர் குழிக்குள் குனிந்து, "ஈர வாசனை வருது எக்ஸலென்சி" என்பார். முந்நூறு அடியில் கருங்கல் கறுகறுவென்று பொடிந்து வந்தது. உச்சி வெயிலில் கொதித்த மண்ணில் ஜெனரல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். தலை முதல் கால் வரை மாவில் புரட்டிய பஜ்ஜி மாதிரி இருந்தார். அன்று கிளம்பிய புழுதி மேட்டூர் அணை வரைக்கும் போய்ப் படிந்தது என்று பின்னால் சொன்னார்கள். நான் போய் அளக்கவில்லை.

நானூற்று இருபது அடியில் சென்னியப்பன் கையைக் காட்டி நிறுத்தினார். போர் பொய்த்துவிட்டது.

இலை போட்டார்கள். ரிக்காரர்கள் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். அத்தாயி சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு ஜெனரலைப் பார்த்தார்கள். யார் தவறு என்று சொல்ல வேண்டும் என்று நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

இங்கேதான் என் திட்டம் குப்புற விழுந்தது. ஜெனரல் பிரம்பை நீட்டிச் சென்னியப்பன் நெஞ்சைத் தொட்டார். "சதி. என் நாட்டில் செய்ததையே இங்கேயும் செய்திருக்கிறார்கள். பிடியுங்கள்."

அமைச்சருக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் இன்ஸ்பெக்டர் காதில், "பேருக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்டேஷன்ல உக்கார வையுங்க. சாயங்காலம் விட்டுரலாம். நட்பு நாடு பாருங்க" என்றார். இன்ஸ்பெக்டர் ஓர் அடி முன்னால் வைத்தார். நாலு பேரை வெளியே எடுக்கப் போய், ஆறு பேரையும் ஒரு முதலாளியையும் உள்ளே அனுப்பிய ஓவர்சீயர் என்று எனக்குப் பேர் வரப் போகிறது.

அப்போது குழம்புக் கரண்டியோடு அத்தாயி நடுவில் வந்து நின்றாள்.

"ஏனுங்க சாமி, இதை மட்டும் அவருகிட்டச் சொல்லுங்க" என்றாள் என்னிடம். "சோத்துக்கு முன்னால உக்காந்தவனைப் புடிக்கற வழக்கம் எங்கூருல இல்லீங்க. தப்பு அவருதுன்னு சொல்லச் சங்கடமா இருந்தா வேண்டாம். தோண்டுனவங்களையும் இழுக்க வேண்டாம். வேற யாரு தப்புன்னாச்சும் ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. சோறு ஆறுது."

நான் மொழிபெயர்த்தேன். எட்டுக் காமிராவும் ஜெனரல் பக்கம் திரும்பின. என் தவறு என்று சொன்னால் ஊரில் போய் எந்தச் சிப்பாய் மதிப்பான்? இவர்கள் தவறு என்று மறுபடி சொல்லலாம் என்றால், இன்ஸ்பெக்டரே தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பொம்பளை கொடுத்த இடுக்கில் ஜெனரல் நுழைந்துவிட்டார். குழியிலிருந்து வந்த கருங்கல் பொடியை ஒரு பிடி அள்ளி, காமிராக்களுக்குக் காட்டி, கம்பீரமாகத் தீர்ப்புச் சொன்னார்:

"குற்றம் கல்லினுடையது."

அமைச்சர் கைதட்டினார். ஆறு பேரும் சோற்றில் கை வைத்தார்கள். ஜெனரல் பூட்ஸைக் கேட்டார்.

அத்தாயி மட்டும் நகரவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். மிக மரியாதையாகக் கேட்டாள்: "அங்கயும் கல்லுத்தானுங்களே?"

என் வாழ்நாளில் நான் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே சின்னது அதுதான். மூன்றே வார்த்தை. பத்திரிகைக்காரர்களில் ஒருவர், "எந்தக் கல்? யாரைப் பற்றிக் கேட்கிறார்?" என்று பென்சிலை எடுத்தார். நான் விவரம் சொன்னேன். நாலு பேர், ஒரு பிரம்பு, நானூறு அடி. எட்டுப் பென்சிலும் ஓடின.

ஜெனரல் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் புழுதியுமாக நின்றார். இங்கே கல் குற்றவாளி என்றால் அங்கே மனிதன் எப்படிக் குற்றவாளி ஆவான்? அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் வானத்தைப் பார்த்தார். கடைசியில் ஜெனரல் உதவியாளனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் எழுதிக்கொண்டான். பிறகு என்னிடம், "அங்கேயும் அதே" என்று சொல்லிவிட்டு, மற்ற பூட்ஸைப் போடாமலேயே காருக்குப் போய்விட்டார்.

இருபத்து மூன்றாம் நாள் நாலு பேரும் சேலம் ஜங்ஷனில் இறங்கினார்கள். "அமைச்சரின் அமைதியான ராஜதந்திரத்துக்கு வெற்றி" என்று பேப்பரில் வந்தது. அந்தக் கடலைக்காடு எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

நான் கதையை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மழை எப்போதோ விட்டிருந்தது. மாதையன் எழுந்து போகவில்லை. கையிலிருந்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"அத்தாயி உன்கிட்ட இதைச் சொல்லவே இல்லையா?" என்றேன்.

"சொன்னா. நான் ஒரு கேள்வி கேட்டேன், உட்டுட்டாங்கன்னு சொன்னா. நான் சிரிச்சுப்போட்டேன். அப்பறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கலீங்க." டீயில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கினான். "அவரு என்ன சொன்னாருன்னீங்க? அந்தத் தீர்ப்பு?"

"குற்றம் கல்லினுடையது."

மாதையன் டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். "உடற அன்னிக்கு ஜெயிலரு எங்களை வரிசையா நிக்க வச்சு ஒரு காயிதம் படிச்சாருங்க. ஒரே வரி. அந்த ஊருப் பாஷை எனக்கு அவ்வளவா வராது. ஆனாக் கல்லுக்கு என்ன பேருன்னு தெரியும், எட்டு மாசம் அதைத்தானே ஓட்டை போட்டேன். குத்தத்துக்கு என்ன பேருன்னும் தெரியும், ஜெயிலுல அதைத்தானே தெனமும் கேட்டேன். கல்லுமேல குத்தம்னு படிக்கறாருங்க. படிச்சுப்போட்டுக் கதவைத் தொறக்கறாரு. உள்ள இருந்து இருந்து எனக்குத்தான் மூளை கலங்கிருச்சாட்ட இருக்குதுன்னு பயந்துபோய், இன்னிய வரைக்கும் ஒருத்தருகிட்டயும் சொல்லலீங்க. பொறந்தநாளுன்னு சொல்லிச் சமாளிச்சுப்போட்டேன்."

துண்டை எடுத்து உதறினான். ஆனால் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆட்டையாம்பட்டி பஸ் நிற்கிற பக்கமாகப் பார்த்தான். அத்தாயி அங்கே சந்தைக்குப் போய்த் திரும்பி வருகிற நேரம்.

"அந்தக் காக்கா சொம்பு எடுத்துட்டுப் பறந்ததை நான் ஒத்துக்க மாட்டேன்" என்றான். "மத்ததெல்லாம் நடந்துதானுங்க இருக்குது."